யோகநாதன் கண்டுபிடித்த எறும்புகள்

நேற்றுச் சிவப்பு வயிற்றோடு திரிந்த எறும்புகள் இன்று பச்சை வயிற்றோடு திரிந்தன.

யோகநாதன் பப்பாளி மரத்தடியில் குந்தியபடி பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதே கறுத்த தலை, அதே வெளிறிய கால்கள். வயிறு மட்டும் வெற்றிலை நிறம்.

"என்னப்பா, விடியக்காலமை மண்ணுக்குள்ளை என்ன தேடுறியள்?" என்று அடுப்படியிலிருந்து பூரணம் கேட்டாள்.

"என்ரை உத்தியோகத்தைத் தேடுறன்."

அது உண்மைதான். யோகநாதன் கோலாலம்பூர் மியூசியத்தில் கிளார்க். புதிதாக வந்த துரைக்கு எறும்புப் பைத்தியம். கிளார்க்குமாரில் ஒருவரை லிப்பிஸுக்கு மாற்ற உத்தரவு வந்திருந்தது. பூச்சி புழு பார்க்கத் தெரிந்தவன் இங்கே இருக்கலாம், மற்றவன் காட்டுக்குப் போகலாம் என்று துரை அறிவித்துவிட்டார். லிப்பிஸ் என்றால் காடு, காடு என்றால் மலேரியா. பூரணமோ போன வருஷம்தான் குளிர்காய்ச்சலில் எமன் வாசல் வரை போய்த் திரும்பியவள். அவளை மறுபடி அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்க யோகநாதன் தயாராக இல்லை. அதுவரை எறும்பைக் காலால் மட்டுமே அறிந்திருந்த மனிதர், அன்றிலிருந்து எறும்பு நிபுணர் ஆனார்.

நேற்றுக் காலியான கொய்னா மருந்துப் போத்தலில் கொண்டுபோன சிவப்பு எறும்பைப் பார்த்துத் துரை துள்ளிவிட்டார். துரை தமிழ்ப் பரீட்சையில் தேறியவர். ஆகவே கிளார்க்குமாரின் இங்கிலீஷை அவர் சகிப்பதில்லை. அவர்கள்தான் அவருடைய தமிழைச் சகிக்க வேண்டும்.

"யோகநாதா, இவ்வெறும்பு புதிது ஆகும்! நாளை மேலும் கொணர்வாயாக!"

மேலும் கொணர்வதற்குத்தான் இப்போது சிவப்பில் ஒன்றுகூட இல்லை. வேறு வழியின்றிப் பச்சையைப் பிடித்துக்கொண்டு போனார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. துரை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கொம்பில் எத்தனை கணு, இடுப்பில் எத்தனை முடிச்சு என்று புத்தகத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் எந்த வீட்டுச் சீனி டப்பாவிலும் இருக்கும் எறும்புக்கு உள்ளதுதான். வயிறு மட்டும் வேறு.

"இது இரண்டாம் இனம்!" என்றார் துரை. சிவப்புக்குத் தம் பெயரையும் பச்சைக்குத் தம் மேம்சாகிப் பெயரையும் சூட்டினார்.

வியாழக்கிழமை மஞ்சள் வந்தது. வெள்ளிக்கிழமை நிறமே இல்லாத சாதாரண எறும்பு வந்து யோகநாதனைக் கதிகலங்க வைத்தது. சனிக்கிழமை நீலம் வந்து அவர் மானத்தைக் காத்தது.

"ஒரே வளையில் நான்கு இனம் எங்ஙனம் வாழும்?" என்று துரை தலையைப் பிடித்துக்கொண்டார்.

இனம் பிரிப்பது யோகநாதனுக்குப் புதிய கலை அல்ல. யார் வீட்டில் செம்புத் தண்ணீர் வாங்கலாம், யாரை வாசலோடு அனுப்பலாம் என்று பிரித்துப் பிரித்தே வளர்ந்தவர் அவர்.

"இதிலை என்ன அதிசயம் சேர்? ஒரே ஊருக்குள்ளை நாலு சாதி இருக்கிறேல்லையே? மஞ்சள் உயர்ந்த சாதி. நீலம் எங்கடை ஆக்கள் மாதிரி, உத்தியோக சாதி. வெள்ளிக்கிழமை வந்தது கூலியாள்."

துரை இதை அப்படியே எழுதி லண்டனுக்குத் தந்தி அடித்தார். நீல எறும்புக்கு யோகநாதன் பெயர் என்றும் முடிவாயிற்று. மாற்றல் உத்தரவு மேசை இழுப்பறைக்குள் போனது.

திங்கட்கிழமை அது வெளியே வந்துவிட்டது. ஸ்பிரிட்டில் ஊறிய எறும்புகள் எல்லாம் வெளுத்துப்போய் ஒரே சாதியாகக் கிடந்தன. சிவப்பு எறும்பு கிடந்த ஸ்பிரிட் மட்டும் ரோஜா நிறத்தில் இருந்தது.

"நீ இவற்றை மாற்றினாயா?" என்று துரை உறுமினார்.

"ஐயோ சேர்! சிறைப்பட்ட துக்கத்திலை வெளுத்துப் போச்சுதுகள். எங்கடை வீட்டுக்கு வந்து உயிரோடை பாருங்கோவன்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். துரை வர ஒப்புக்கொண்டதோடு, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஓர் எறும்புப் பண்டிதரையும் புதன்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு அழைத்துவருவதாகச் சொன்னார்.

யோகநாதன் வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டார்.

"பூரணம், மரத்தடியிலை விளக்குமாறு படக்கூடாது. மண்ணெண்ணெய் ஊத்தாதையும்."

"நான் ஏன் ஊத்தப்போறன்? பாவம், வாயில்லாச் சீவனுகள்."

மனைவிக்கும் விஞ்ஞானம் ஏறிவிட்டதே என்று அவருக்குப் பெருமை பொங்கியது.

புதன்கிழமை விடியுமுன்பே நாற்காலியைத் தூக்கிப்போட்டு மரத்தடியில் காவல் இருந்தார். பூரணம் செம்போடு எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் எழும்புங்கோவன். நான் ஒருக்கா..."

"ஒருத்தரும் கிட்ட வரப்படாது! பண்டிதர் வாற நேரம் எறும்பு கலைஞ்சால் எங்கடை கதை முடிஞ்சுது."

அவள் கையைப் பிசைந்துகொண்டு உள்ளே போனாள். பிறகும் இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் துரத்தினார்.

துரையும் பண்டிதரும் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். மூன்று பேரும் குனிந்தார்கள். வளையிலிருந்து எறும்புகள் சாரை சாரையாக வந்தன. சிவப்பு இல்லை, பச்சை இல்லை, மஞ்சள் இல்லை. அத்தனையும் கூலியாட்கள்.

பண்டிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துரையின் முகம்தான் இப்போது முதலாம் இனத்தின் நிறத்தில் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ சேர், வெயில் ஏற நிறம் வரும்" என்றார் யோகநாதன். கதவோரம் நின்ற பூரணத்தின் மெலிந்த முகத்தைப் பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

"யோகநாதா, இவை வெறும் எறும்புகள் ஆகும். லண்டன் என்னைப் பார்த்து நகைக்கும். ஆயினும் உனக்கு இறுதியாக ஒரு வாய்ப்பு அளிக்கிறேன். அந்நிறங்கள் எங்கே போயின?"

யோகநாதன் வாயைத் திறந்தார். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் பின்சந்திலிருந்து, பூ விற்கும் வீரம்மாவின் குரல் கேட்டது.

"பூரணக்கா, ஐயா ஆபீசுக்குப் போயாச்சா? காலையில வந்தேன், எறும்புப் பொந்துகிட்டயே உக்காந்திருந்தாரு, பயந்து ஓடிட்டேன்லா. இந்தாங்க, பச்சைச் சாயத்துக்குப் பாண்டான் இலைய அரைச்சுக் கொண்டாந்திருக்கேன், சீக்கிரம் சீனித் தண்ணில கலந்து எறும்புக்கு ஊத்துங்க. ஐயாவுக்கு மாத்தல் வராம இருக்கணும்னா அந்தந்தக் கிழமைக்கு அந்தந்தக் கிரகத்தோட கலருல ஊத்தணும்னு சோசியர் சொன்னாருல்ல, இன்னிக்குப் புதன், பச்சை!"