என் மின்னஞ்சலும் உங்கள் மகனும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான் முனாப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கை றம்ஸியாவும் மகள் ஷிஃபானாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். புல்மோட்டையில் நீங்களும் மதினியும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். இனி விசயம். உங்கள் மகன் நஸ்ரிக்கும் ஷிஃபானாவுக்கும் பேசிவைத்த நிக்காஹ்வைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது. முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறியும் கயிறும் கொடுத்து இருபத்தாறு வருடமாகப் பிழைக்கிறவன் நான். கம்ப்யூட்டர் படித்த மருமகன் என்று கடையின் இணையத்தளத்தை நஸ்ரியிடம் ஒப்படைத்தேன். போன மாதம் வந்து, "மாமா, பழைய சேர்வர் சரியான ஸ்லோ, புதுசுக்கு மாத்துவம்" என்றார். ஓம் என்றேன். மாற்றின அன்றிலிருந்து நான் அனுப்பும் மின்னஞ்சல் ஒன்றும் போய்ச் சேருவதில்லை. கோதுமைக் கப்பல் கப்டன் ஒருவர் சாமான் பட்டியல் கேட்டார். நாலு தரம் அனுப்பினேன், நாலும் திரும்பி வந்தன. அனுப்பியது அபூதாஹிராகிய நான்தான் என்பதற்கு அத்தாட்சி இல்லையாம். அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினேன், அதுவும் திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் கப்பல் போய்விட்டது, முன்கடை முனீபின் வெங்காயத்தோடு!

நஸ்ரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமா, எந்தச் சேர்வர்லருந்து உங்கட பேர்ல மெயில் போகலாம் எண்டு ஒரு பட்டியல் இருக்கு. அதுல பழையதுட இலக்கம்தான் கிடக்கு. புதுசச் சேர்க்கோணும், கையொப்பமும் புதுசா வைக்கோணும்" என்றார்.

"என்ட கையொப்பமா?"

"இல்ல மாமா, சேர்வர்ட."

என் கடிதத்துக்குச் சேர்வர் கையொப்பம் வைக்குமாம், கேட்டீர்களா மச்சான்? சரி, வை என்றேன். "அதுக்கு நீங்க முதல்ல மெயிலப் பாருங்கோ மாமா" என்கிறார். மெயில் வேலை செய்யவில்லை என்று சொல்கிறவனிடம் மெயிலைப் பார் என்றால் என்ன அர்த்தம்? அடுத்த நாளே அவரும் முனீபும் இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடிப்பதைக் கண்டேன். நான் கிட்டப் போனதும் இரண்டு பேரும் கதையை நிறுத்திவிட்டார்கள். முனீபுக்காகத்தான் என் மெயிலை முடக்கினார் என்பதற்கு வேறென்ன சாட்சி வேணும்? வீட்டில் சொன்னால் றம்ஸியா, "என்ட காக்காட மகன் அப்படிப்பட்ட ஆளில்ல" என்று தமையன் மகனுக்காகப் பரிந்து குசினிக் கதவை அடித்துச் சாத்துகிறா. ஷிஃபானா இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பிள்ளையைக் கொடுக்க ஏலாது, மச்சான்.

மதினிக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல பிள்ளைகளும் (இருக்கிற பிள்ளைகள் நல்லவர்களாகவும்) தந்தருள்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் அபூதாஹிர்

பி.கு.: உறையை எடுக்கும்போது ஷிஃபானா போனை நீட்டினாள். "வாப்பா, இந்த மூணு மெயிலையும் மோசடி எண்டு அறிவிச்சது ஆரு?" நான்தான். "உங்கள் சம்மதம் தேவை, இங்கே அழுத்தவும்" என்று ஏதோ இணையக் கம்பனியிடமிருந்து வந்திருந்தது. அப்படி எழுதுகிறவன் கள்ளன் இல்லாமல் வேறு யார்? பட்டியலைத் திருத்த நஸ்ரி காத்திருந்தது அந்தச் சம்மதத்துக்குத்தானாம். லுஹர் தொழுகை நேரம் அழுத்தினேன், அஸர் தொழுகைக்குள் என் மெயில் போகத் தொடங்கிவிட்டது. முனீப் தன் தளத்தையும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம் பிள்ளை. ஆகவே நிக்காஹ் குறித்த திகதியில்தான். திரும்ப எழுதக் கை வலிக்கிறது, மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். இதைக் கொண்டுவருகிறவர் நஸ்ரிதான். இப்படியான ஒரு கடிதத்தை வேறு யாரையும் நம்பிக் கொடுக்க ஏலாது.