காகம் தொடாத பான்கேக்

"இந்தச் சனிக்கிழமை காலமைச் சாப்பாடு என்ரை கையாலை!"

அபிஷன் இப்படி அறிவித்ததும் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்த மாதங்கியின் கத்தி அந்தரத்தில் நின்றது. மேசையில் படம் கீறிக்கொண்டிருந்த ஆறு வயது மகள் தக்ஷிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, அப்பாவுக்குக் காய்ச்சலோ?"

பிள்ளை கேட்டதில் பிழையில்லை. கல்யாணம் கட்டின நாளிலிருந்து அபிஷன் குசினியில் செய்த ஒரே பெரிய வேலை, பிரிஜ்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவது. சில நாள் அதைக்கூட மூட மாட்டான்.

"என்ன செய்யப் போறியள்?" என்று மாதங்கி கேட்டாள்.

"பான்கேக். வெறும் பான்கேக் இல்லை. அப்பிள், பியர்ஸ், பிளாக்பெரி எல்லாம் போட்டு, கறுவா, ஏலக்காய், சாதிக்காய் இடிச்சுப் போட்டு... இலை கொட்டுற காலத்துக்கெண்டே ஒரு பான்கேக். வேலையிலை வெள்ளைக்காரர் எல்லாரும் இப்ப உதைப் பற்றித்தான் கதை."

"சனிக்கிழமை உங்களுக்கு விரதம்."

"அதுக்கென்ன? பான்கேக்கிலை என்ன கிடக்கு? பால். பழம். விரதகாரன் பாலும் பழமும் சாப்பிடலாம்தானே?"

"மா?"

"மா அதுகளை ஒட்டுறதுக்கு."

"முட்டை?"

அபிஷன் நெஞ்சில் கை வைத்தான். "முட்டையோ? சிவ சிவா! என்ன கதை கதைக்கிறீர்!"

மாதங்கி மறுபடி வெண்டிக்காயை வெட்டத் தொடங்கினாள். அவன் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு போனான்.

விரதம் அவனாக விரும்பிப் பிடித்தது இல்லை. இந்த வருசம் அவனுக்கு ஏழரைச் சனி தொடங்கியது. தொடங்கின கையோடு காரைத் தூணில் உரசினான். போனைக் கழிப்பறைக்குள் விட்டான். வேலை செய்கிற ஹீத்ரோ விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற இடத்தில் வழுக்கி விழுந்து இருக்க முடியாமல் ஒரு கிழமை நின்றபடியே சாப்பிட்டான். மாதங்கி பயந்துபோனாள். கோயிலில் போய் நேர்த்தி வைத்துவிட்டாள்: புரட்டாதிச் சனிக்கிழமை எல்லாம் இவர் முழுகி, எள்ளெண்ணெய் எரித்து, சனீஸ்வரனின் வாகனமான காகத்துக்கு முதலில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை.

மீனை விடலாம். இறைச்சியையும் பல்லைக் கடித்துக்கொண்டு விடலாம். முட்டையை எப்படி விடுவது? முட்டை இல்லாவிட்டால் அபிஷனுக்குச் சனிக்கிழமை விடிந்த மாதிரியே இருக்காது. பிரிஜ்ஜில் பிள்ளைக்கென்று வாங்கிவைத்த முட்டைகள் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவனைப் பார்த்து முழிக்கும். அவனும் முழிப்பான்.

ஆனால் விரதத்தில் ஒரு லாபமும் இருந்தது. அதை அவன் வெளியில் சொல்வதில்லை.

மாதங்கிக்கு நெடுநாளாக ஒரே ஆசை, கார் ஓடப் பழக வேண்டும். பிள்ளையை மழையில் பஸ்சுக்கு நிறுத்திவைத்து அலுத்துப்போனாள். கார் பழக்குகிற சுவர்ணா அக்காவுக்குச் சனிக்கிழமை காலையில்தான் நேரம். அந்த நேரம் பிள்ளையைப் பார்த்து, விரதச் சமையலையும் கவனிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளோ செற்றியில் நீட்டி நிமிர்ந்து கிடப்பான்.

"விரதகாரனப்பா நான். எழும்பி நிண்டாலே தலை சுத்துது. பிள்ளையைத் தூக்கி நான் விழுந்தால் ஆர் பொறுப்பு?"

மாதங்கி குசினிக்குப் போவாள். புரட்டாதி முடிந்தால் வேறு ஏதாவது காரணம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை பின்னேரம் அபிஷன் தன் திட்டத்தை வேலிக்கு மேலால் யேசுரட்ணம் அண்ணைக்குச் சொன்னான். பக்கத்து வீட்டு யேசுரட்ணம் பிரான்ஸில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர். சனிக்கிழமைகளில் அவர் வீட்டு முட்டைப் பொரியல் வாசம் வேலியைத் தாண்டி வந்துதான் அபிஷனின் விரதத்தை ஆட்டிப் படைப்பது.

"பான்கேக்குக்குள்ளை முட்டையை அடிச்சு ஊத்தினால் ஆருக்குத் தெரியும் அண்ணை? கறுவாவும் ஏலக்காயும் மணக்கிற மணத்துக்கு முட்டை எங்கை, மா எங்கை எண்டு கடவுளே கண்டுபிடிக்க மாட்டார்."

"கடவுளை விடு தம்பி. உன்ரை மனிசி?"

"அவ மேலை முழுகப் போற நேரம் உடைச்சு ஊத்திப்போடுவன்."

"முட்டைக் கோது?"

"பொக்கற்றுக்குள்ளை."

யேசுரட்ணம் வாய்க்குள் சிரித்தார். "பெரிய மூளையடா உனக்கு. எனக்கும் ரெண்டு தா."

"உங்களுக்கில்லாததோ அண்ணை!"

சனிக்கிழமை விடிந்தது. வெளியில் நல்ல குளிர். தோட்டத்தில் நின்ற மரம் மஞ்சள் இலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது. அபிஷன் முழுகி, விபூதி பூசி, டிரெஸ்ஸிங் கவுனோடு குசினிக்குள் இறங்கினான். ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போகிற டொக்டர்கூட அவ்வளவு கம்பீரமாகப் போயிருக்க மாட்டார்.

அப்பிளைத் துருவினான். கூடவே விரலையும் கொஞ்சம் துருவினான். பியர்ஸைச் சின்னச் சின்னதாக வெட்டினான். ஏலக்காயை உரலில் போட்டு இடித்தான். பாதி உரலில் இருந்தது, மீதி நிலத்தில் ஓடியது. சாதிக்காயை உரசி, கறுவாத் தூளைத் தாராளமாகக் கொட்டி, கோதுமை மாவையும் பாலையும் கலந்தான்.

மேலே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மாதங்கி முழுகத் தொடங்கிவிட்டாள்.

முட்டையைக் கையில் எடுத்தான். ஒரு சிக்கல். மாதங்கிக்குப் பொல்லாத காது. மேல்மாடியில் நின்றுகொண்டே கீழே பிஸ்கட் பைக்கற் திறக்கிற சத்தத்தைப் பிடிப்பவள். முட்டை உடைகிற சத்தம் தப்புமா?

அங்கேதான் ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த ஹவுன்ஸ்லோ அவனுக்குக் கைகொடுத்தது. அந்த வீட்டுக்கு மேலால் பிளேன் போகும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. காற்று எந்தப் பக்கம், அடுத்த பிளேன் எப்போது இறங்கும் என்பதெல்லாம் விமான நிலையத்தில் வேலை செய்கிறவனுக்குத் தெரியாதா? முட்டையைக் கோப்பை விளிம்பில் பிடித்தபடி காத்திருந்தான். தூரத்தில் இரைந்தது. கிட்ட வந்தது. ஜன்னல் அதிர்ந்தது. டக்! அடுத்த பிளேனுக்கு அடுத்த முட்டை. டக்!

இந்தியாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்திறங்கிய அந்தச் சனங்களுக்குத் தாங்கள் என்ன புண்ணியம் செய்தோம் என்று தெரியாது.

கோதைப் பொக்கற்றுக்குள் போட்டான். மாவை அடித்தான். தாச்சியில் பட்டரைப் போட்டு ஒரு அகப்பை ஊற்றினான். முதலாவது கருகியது. அடுத்தது கிழிந்தது. அதற்கடுத்தது பொன்னிறமாக எழும்பி வந்தது. பிளாக்பெரி வெடித்து ஊதாச் சாறு ஓடியது. குசினி முழுக்கக் கறுவாவும் ஏலக்காயும் மணத்தன. அபிஷனுக்கே அவன் மேல் மரியாதை வந்துவிட்டது.

தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு மாதங்கி இறங்கி வந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அடேயப்பா! என்ன வாசம்! இவ்வளவு நேரம் நிண்டியளே, தலை சுத்தேல்லையோ?"

"எனக்கோ? இன்னும் நூறு பேருக்குச் சுடச் சொன்னாலும் சுடுவன்!"

"களைப்பு?"

"துளியும் இல்லை!"

"நல்லது" என்றாள் மாதங்கி. அந்த 'நல்லது' எங்கே போய் முடியும் என்று அவன் அப்போது யோசிக்கவில்லை. பான்கேக் ஒன்றைச் சுருட்டி வாயருகே கொண்டுபோனான்.

"நில்லுங்கோ!"

கை நின்றது.

"காகத்துக்கு வைக்காமல் விரதகாரன் வாயிலை வைக்கிறதோ?"

இதை அவன் யோசிக்கவில்லை. காகத்துக்கு வைப்பது மத்தியானச் சோறு என்றுதான் கணக்குப் போட்டிருந்தான்.

"உது... பான்கேக்கப்பா. காகத்துக்குச் சமிக்காது."

"பாலும் பழமும்தானே? ஏன் சமிக்காது? கொண்டு வாங்கோ."

மூன்று பேரும் தோட்டத்துக்குப் போனார்கள். ஒரு தட்டில் பான்கேக்கை வைத்து "கா! கா!" என்று மாதங்கி கூப்பிட்டாள். வழக்கமாக வருகிற காகம் வேலியில் இருந்தது. மற்றச் சனிக்கிழமைகளில் தட்டு நிலத்தைத் தொட முன்னமே பாய்ந்து வருகிற காகம். இன்றைக்கு அசையவில்லை.

தலையைச் சரித்துப் பான்கேக்கைப் பார்த்தது. பிறகு மற்றப் பக்கம் சரித்து அபிஷனைப் பார்த்தது.

"கா! கா!" என்றான் அபிஷன்.

காகம் இறங்கி வந்தது. தட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. அலகைச் சுளிக்க முடியுமென்றால் சுளித்திருக்கும். மறுபடி பறந்து வேலியில் போய்க் குந்திவிட்டது.

"அப்பா, காகத்துக்கு உங்கடை பான்கேக் பிடிக்கேல்லை" என்றாள் தக்ஷிகா.

"கறுவா கூடிப்போச்சு. காகத்துக்குக் கறுவா ஆகாது" என்றான் அபிஷன்.

மாதங்கியின் முகம் மாறியது. "இல்லையப்பா. காகம் எடுக்காட்டில் ஏதோ பிழை நடந்திருக்கு. என்ரை சித்தப்பாவுக்கும் ஏழரைச் சனியிலை இப்பிடித்தான். காகம் எடுக்கேல்லை. அடுத்த நாள் ஏணியாலை விழுந்தவர்."

"ஏணியாலையோ?"

"நாளைக்கு உங்களுக்கு வேலையெல்லே? அந்தச் சாமான் தூக்குற வண்டி ஓட வேணுமெல்லே?"

அபிஷனுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. காகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கண் கொட்டவில்லை. அது காகம் மாதிரியே இல்லை, யூனிபோர்ம் போட்ட அதிகாரி மாதிரி இருந்தது. பொக்கற்றுக்குள் கோது வேறு குத்தியது.

"மாதங்கி..."

"என்னப்பா?"

அவன் பொக்கற்றுக்குள் கையை விட்டு முட்டைக் கோதை எடுத்து அவள் முன் நீட்டினான். காகத்துக்கும் தெரிகிற மாதிரி நீட்டினான்.

மாதங்கி கோதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் பெருமூச்சு விட்டாள்.

"நல்ல காலம், நீங்கள் இன்னும் வாயிலை வைக்கேல்லை. விரதம் முறியேல்லை. காகம் காப்பாத்திப்போட்டுது."

"அப்ப ஏணி?"

"ஏணியும் இல்லை. ஆனால் பிராயச்சித்தம் செய்ய வேணும். போய் இன்னொருக்கா முழுகுங்கோ. பேந்து மத்தியானச் சமையலை உங்கடை கையாலை செய்து காகத்துக்கு வையுங்கோ. புரட்டாதி முடியுமட்டும் சனிக்கிழமைச் சமையல் உங்கடை."

"விரதகாரன் நான்! தலை..."

"நூறு பேருக்குச் சுடுவன் எண்டியள். துளியும் களைப்பில்லை எண்டியள்."

அபிஷன் தட்டைப் பார்த்தான்.

"அப்ப இந்தப் பான்கேக்?"

"பிள்ளைக்கு ரெண்டை வைச்சிட்டு மிச்சத்தை யேசு அண்ணைக்குக் குடுங்கோ. அவருக்கு ஏழரையும் இல்லை, எட்டரையும் இல்லை."

"நான் என்ன சாப்பிடுறது?"

"பால், பழம்" என்றாள் மாதங்கி. "நீங்கள் சொன்னதுதானே. ஒட்டுறதுக்கு மாவும் தேவையில்லை."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹோர்ன் அடித்தது.

"ஆரது?"

"சுவர்ணா அக்கா. இண்டைக்கு எனக்கு முதல் லெசன்."

"இண்டைக்கோ? எப்ப சொன்னனீர்?"

"வியாழக்கிழமையே சொல்லி வைச்சனான்."

"வியாழக்கிழமையோ? நான் முட்டை உடைச்சது இப்பத்தானே!"

மாதங்கி சப்பாத்துக் கட்டுவதில் மும்முரமாக இருந்தாள். துவாயை அவிழ்த்து அவன் தோளில் போட்டுவிட்டு ஓடினாள். வாசலில் எல் போர்ட் போட்ட சின்னச் சிவப்புக் கார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள் ஏறி இருந்தாள். கார் குலுங்கியது. நின்றது. மறுபடி குலுங்கியது. பிறகு மஞ்சள் இலைகளுக்கு மேலால் மெல்ல ஊர்ந்து போனது. மாதங்கி கையைக் காட்டக்கூடப் பயந்து, தலையை மட்டும் ஆட்டிச் சிரித்தாள். இப்படி ஒரு சிரிப்பு இவளிடம் இருந்ததா என்று அபிஷன் ஈரத் துவாயோடு பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் வரப் பார்த்தது. வரவில்லை.

பான்கேக் தட்டை வேலிக்கு மேலால் நீட்டினான். யேசுரட்ணம் அண்ணை ஏற்கனவே முள்ளுக்கரண்டியோடு நின்றார்.

"முள்ளுக்கரண்டியோடை ஏன் நிக்கிறியள்?"

"தங்கச்சி மாதங்கி சொன்னவ, பத்து மணிக்குப் பான்கேக் வரும் எண்டு." ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார். "ஆகா! தம்பி, சமையலிலை நீ பிறவிக் கோக்கியடா!"

"அண்ணை! நீங்களோ என்னைக் காட்டிக்குடுத்தது?"

"அவ கேட்டவ. பொய் சொல்லக் கூடாதெண்டு எங்கடை வேதத்திலை கிடக்குத் தம்பி."

"அப்ப காகம்? காகம் ஏன் எடுக்கேல்லை? அதுக்கும் நீங்களோ சொன்னது?"

"சீ, அதுக்கென்ன தெரியும்? விடியவே அதுக்கு வயிறு முட்ட வையுங்கோ அண்ணை எண்டு தங்கச்சி கேட்டவ. வைச்சன்."

"என்ன வைச்சனீங்கள்?"

யேசுரட்ணம் இரண்டாவது பான்கேக்கைச் சுருட்டினார்.

"என்னட்டை வேறை என்ன கிடக்கு? ரெண்டு முட்டை பொரிச்சு வைச்சன்."

வேலியில் இருந்த காகம் ஒரு ஏப்பம் விட்ட மாதிரி இருந்தது. உள்ளே தக்ஷிகா இன்னொரு பான்கேக் கேட்டுக் கத்தினாள். அன்றைக்கு அந்தத் தெருவில் சனீஸ்வரனின் வாகனம் உட்பட எல்லோருக்கும் முட்டை கிடைத்தது.

அபிஷன் பியர்ஸைக் கடித்தான்.