மூளையில்லாத தலை

பீங்கான் தலைக்குள் மூளை ஓடிக்கொண்டிருந்தது.

ஆன் மேரி லேப்டாப் திரையைத் தட்டிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள். கோடுகள் நெளிவது நிற்கவில்லை. நரம்பியல் முதுகலை படிக்கிற பெண். லீவில் விருத்தாசலத்துக்கு வந்த இடத்தில், உயிரியலும் புள்ளியியலும் சேர்ந்த ஒரு பாடத்தின் செய்முறையை முடித்தாக வேண்டும். மூளை அலையை அளக்கும் பட்டையை முதலில் மனிதத் தலையில் மாட்டி அளக்க வேண்டும், பிறகு மூளையே இல்லாத ஒரு தலையில். இரண்டும் வேறு வேறு என்று கணக்குப் போட்டுக் காட்டினால் தேர்ச்சி. இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் ஒரு வருஷம் பாழ்.

மனிதத் தலைக்கு அம்மா லீமா இருந்தாள். இன்னொன்றுக்குப் பீங்கான் பட்டறை கொளஞ்சியப்பனிடம் சொல்லி ஒரு தலை செய்து வாங்கியிருந்தாள்.

"மூளையில்லாத தலைக்கு எதுக்குடி வெளிய சொல்லிக்கிட்டு? ஒங்கப்பா வூட்டுல சும்மாதான இருக்காரு" என்று லீமா அப்போதே கேட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"ஃபேனு, ஃப்ரிட்ஜு கரண்ட்டுதாம்மா இதுல கலக்குது. எல்லாத்தையும் ஆஃப் பண்ணு."

லீமா ஆஃப் பண்ணினாள். வீடே கப்சிப் என்று ஆனது. இரைச்சல் போனதும் கோடுகள் இன்னும் தெளிவாக நெளிந்தன. ஆன் மேரி ஒயரை மாற்றினாள், பட்டையை உப்புத்தண்ணீரில் நனைத்து மறுபடி மாட்டினாள். கணக்காவது காப்பாற்றட்டும் என்று இரண்டு தலைகளின் அளவையும் ஒப்பிட்டாள்.

"என்னடி வந்துது?"

"ரெண்டு தலைக்கும் வித்தியாசம் இருக்குதுன்னு சொல்ல முடியாதாம்."

"மண்ணு தலையும் என் தலையும் ஒண்ணா? இதுக்கா மெட்ராஸ் போயி படிக்கிற?"

ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. மனிதர்கள் கண்ணை மூடினால் பின்மண்டையில் ஒரு அலை எழும்பும். திறந்தால் அடங்கிவிடும். ஆன் மேரி ஒரு துண்டை எடுத்து, அந்தப் பீங்கான் தலையில் தீட்டியிருந்த கண்களை மூடினாள்.

அலை எழும்பியது.

துண்டை எடுத்தாள். அடங்கியது. மறுபடி மூடினாள். மறுபடி எழும்பியது.

லீமா சிலுவை போட்டுக்கொண்டாள். "பாப்பா, அது நம்மளப் பாக்குதுடி."

ஆன் மேரி பேராசிரியை சண்முகப்ரியாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், பொம்மைத் தலைக்குக் கண்ணு தெரியுது."

"ஆன் மேரி, ராத்திரி தூங்குனியா?"

"இல்ல மேடம்."

"அதான் தெரியுதே. வேற தலைய வச்சு எடு. இருட்டுறதுக்குள்ள வரலைன்னா ஃபெயில்தான்."

பட்டையைக் கழற்றக்கூட நேரமில்லை. தலையை மடியிலும், லேப்டாப்பை அம்மாவின் மடியிலும் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. திடீரென்று ரயில் ஊத, திரையில் கோடுகள் திடுக்கிட்டுத் துள்ளின. லீமா லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டாள். மடியில் தலை வெதுவெதுப்பாக இருந்தது. வெயில்தான் என்று ஆன் மேரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு வெயிலே இல்லை.

பட்டறையில் கொளஞ்சியப்பன் எழுந்து வந்தார். "வாங்கம்மா, தலை நல்லா இருக்குதா?"

"அண்ணே, இதுக்குள்ள என்ன வச்சீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா, உள்ள வெறும் கூடுதான்."

"அப்புறம் எப்படிண்ணே இது பாக்குது, கேக்குது? எனக்கு வேற தலை குடுங்க. சும்மா, வெறும் தலை!"

கொளஞ்சியப்பன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்த தலையைக் கும்பிட்டார். பிறகு சங்கடத்தோடு சொன்னார்:

"தலை மட்டும் போதும்னு கேட்டீங்களா, கோயிலு வேண்டுதலுக்குன்னு நெனச்சு, பூச போட்டு, கண்ணாடி காட்டி, மொறையா கண்ணத் தெறந்துட்டேன்... உசுரு வேணாம்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா!"