டாங்கிக்கு ஒரே இடம்

"டாங்கிக்கு ஒரே ஒரு இடம். மத்தவங்க எல்லாம் லாரி, இல்லேன்னா மீட்பு வண்டி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதிக் கொடுத்துடணும். டாங்கி கேக்கறவங்களுக்கு எழுத்துப் பரீட்சை உண்டு" என்று சொல்லிப் படிவங்களை நீட்டினார் பயிற்சி அதிகாரி.

மாப்பிள்ளை டாங்கிக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டான். ராணுவ வண்டிகளுக்கு மெக்கானிக் வேலை கற்றுத்தரும் அந்தப் பள்ளியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மனைவியின் அண்ணனும் அதே வகுப்பு. அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை ஆனான். அவர் எல்லோருக்கும் மச்சான் ஆனார்.

அந்த மச்சான்தான் இப்போது தலைவலி. மூன்று மாதமாக, எல்லோரும் குளிக்கப் போகும் நேரத்தில் அவர் மட்டும் டாங்கிக் கொட்டகை வாசலில் நீளக் கால்களை மடக்கி உட்கார்ந்து, ஒரு தடித்த நோட்டில் கியர்பாக்ஸ் படமாக வரைந்துகொண்டிருந்தார். மச்சானுக்கு எழுத்துப் பரீட்சை தண்ணி பட்ட பாடு. மாப்பிள்ளையிடம் ஸ்பானரைக் கொடுத்தால் எதையும் கழற்றி மாட்டுவான். பேனாவைக் கொடுத்தால் வியர்த்துவிடும்.

'மச்சான், நீங்க எதை எழுதப் போறீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுவதுபோல் ஆகிவிடுமே என்று ரோஷம். ரோஷக்காரன் அதற்குப் பதிலாக ஒரு பொய் சொன்னான்.

"மச்சான், விஷயம் தெரியுமா? டாங்கி வேலைக்குப் போனா அஞ்சே வருஷத்துல காது போயிடுதாம்."

மச்சான் முகம் வெளுத்தது. "நெஜமாவா?"

"பழைய ஆள் ஒருத்தர் சொன்னாரு. பக்கத்துல நின்னு பேசினாக்கூடக் கேக்காதாம்."

"நல்லவேளை சொன்னீங்க மாப்ளே. அந்தப் பக்கமே போக வேண்டாம்."

காரியம் முடிந்தது என்று மாப்பிள்ளை சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். அதற்குள் அண்ணன் தங்கைக்குப் போன் போட்டுவிட்டார். நிறைமாத வயிற்றோடு மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நீங்க டாங்கிக்குப் போகக் கூடாது. பொறக்கப் போற குழந்தை அழுதா உங்களுக்குக் கேக்க வேண்டாமா?"

"அதெல்லாம் காது வீக்கா இருக்கறவங்களுக்குத்தான். எனக்குப் பாம்புக் காது."

"அப்படீன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

மறுநாள் காலை பள்ளி டாக்டர் அவன் காதில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்றார். ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்று மாப்பிள்ளை உடனே தூக்கினான்.

"என்ன?"

"கேக்குது சார். நல்லாவே கேக்குது."

"நான் இன்னும் மெஷினையே போடலையே!"

போட்ட பிறகாவது சும்மா இருந்தானா? டாக்டர் பேனாவை எடுத்தபோது தூக்கினான். மூக்கைச் சொறிந்தபோதும் தூக்கினான். டாக்டர் கவலையோடு எழுதினார்: 'சத்தம் இல்லாதபோதும் காதில் சத்தம் கேட்கிறது. இரைச்சல் அதிகமுள்ள வேலை ஆகாது.'

"சார், எனக்கு ஒண்ணுமே கேக்கலை! சும்மாதான் தூக்கினேன்."

"ஒண்ணுமே கேக்கலையா?" டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்தார். "அதையும் சேர்த்து எழுதிடட்டுமா?"

மாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே ஓடினான்.

மதியம் பயிற்சி அதிகாரி, டாக்டர் நேரே அனுப்பிவைத்த தாளைப் படித்தார். டாங்கியை அடித்துவிட்டு, லாரி என்று எழுதினார். அரை நிமிஷ வேலை.

லாரிப் பிரிவின் சீருடையை வாங்க ஸ்டோருக்குப் போகும் வழியில்தான் டாங்கிக் கொட்டகை. வகுப்பு தொடங்கிய நாளில் அந்த எஞ்சின் மூடியில் கை வைத்தபோது சூடாக இருந்தது. இதை ஒருமுறையாவது நானே முழுசாகப் பிரித்துப் பூட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தான். ஒரு வருஷமாக வேறு ஆசையே இல்லை. இனி அது கிடையாது. பரீட்சை எழுதித் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கூடப்பிறந்தவர்போல் பழகிய மனிதரின் ஆசையில் மண்ணைப் போட்டோமே என்பதுதான் தாங்கவில்லை. தனக்குக் கிடைக்காதது அவருக்காவது கிடைக்கட்டும் என்று தோன்றியது. ஆனால் அவர் முகத்தில் விழிக்கத் தைரியம் வரவில்லை.

ஸ்டோர்காரர் கழுத்தில் அளவு டேப்போடு நின்றார். மாப்பிள்ளை அவரிடமே கொட்டித் தீர்த்தான்.

"அண்ணே, மச்சான் வந்தா ஒண்ணு சொல்லிடுங்க. டாங்கிக்குப் போனா காதெல்லாம் போகாது, நான் சொன்னது பச்சைப் பொய். அந்த இடம் அவருக்கே கிடைக்கட்டும். நேரமிருக்கு, உடனே படிவத்தை மாத்தி எழுதச் சொல்லுங்க."

ஸ்டோர்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து, அந்தத் தடித்த நோட்டை எடுத்து லாரிச் சீருடையின் மேல் வைத்தார்.

"ஆறடி மூணு அங்குலத்தை டாங்கிக்குள்ள மடிச்சா வைக்க முடியும்? உனக்குக் கிடையாதுப்பான்னு முதல் நாள் அளவெடுத்தப்பவே உங்க மச்சான்கிட்ட நான் சொல்லிட்டேன். இது மாப்பிள்ளை பரீட்சையில தேறணும்னு அவரு உங்களுக்காக எழுதின நோட்டு, இனிமே தேவைப்படாது, பழைய பேப்பர்ல போட்டுடுங்கன்னு காலையில கொடுத்துட்டுப் போனாரு."