குச்சி மேடமும் செல்வியின் கையும்

திருச்சியில் குச்சி மேடம் தடவிப் பார்க்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது மலைக்கோட்டையாகத்தான் இருக்கும். மன்னார்புரத்தில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்த ஆஸ்பத்திரியில் அவர் மைக்ரோபயாலஜி டாக்டர், கிருமிகளோடுதான் சகவாசம். கிருமி எடுத்துச் சோதிக்க, கைப்பையில் எப்போதும் பஞ்சு சுற்றிய குச்சிகள் இருக்கும்; அதனால்தான் அந்தப் பெயர். பெரிய டாக்டரின் ஸ்டெதஸ்கோப், கேன்டீன் சாம்பார் கரண்டி எதையும் விட்டதில்லை. ஒருமுறை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கம்பியைத் தடவப்போக, "பெயின்ட் அடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"இல்லைங்க, யாரு குடியிருக்காங்கன்னு பாக்கறேன்."

அதன்பின் கண்டக்டர் அந்தக் கம்பியைத் தொடவே இல்லை.

அந்த வருடம் பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தத்தில் ஒரே வகைக் கிருமி. வார்டு ஊழியர்களின் கைகளைச் சோதித்ததில், முசிறிப் பெண்ணான நர்ஸ் செல்வியின் கையிலும் அதே வகை. நிர்வாக அதிகாரி அவளை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மேடம் நேரே அவர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஊர்ல எத்தனை செல்வி இருக்காங்க? பேரு ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணா? கிருமியும் அப்படித்தான். டிஎன்ஏ பாக்காம எதுவும் சொல்லக் கூடாதுங்க."

"எப்ப பாத்து முடிப்பீங்க?"

"நீங்க குறுக்க வராம இருந்தா சீக்கிரம்" என்றவர், போகிற போக்கில் அதிகாரியின் மேசை மணியையும் ஒரு தடவு தடவிக்கொண்டார்.

வார்டில் குழாய், தொட்டில், தராசு எதுவும் தப்பவில்லை. கிடைத்த கிருமிகளின் டிஎன்ஏவைத் துண்டாக்கி, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் வரிவரியாகக் கோடுகள் விழும். ஒரே வம்சமென்றால் கோடுகள் அச்சாக ஒத்துப்போகும். குழந்தைகளின் கோடுகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. செல்வியுடையது வேறு. குழந்தைகளோடு பொருந்தியது, கை கழுவும் இடத்து சோப்பு பாட்டில். கழுவாமலே மேலும் மேலும் ஊற்றி நிரப்பிய பாட்டில். அதற்கு மேலேதான் 'கைகளைச் சுத்தமாக வைத்திருங்கள்' என்று அதிகாரியின் கையெழுத்தோடு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

பாட்டில்களை மாற்றியபின் புதிதாக யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. படுத்திருந்த குழந்தைகளும் தேறின. "செல்விக்கு ஃபோன்ல சொல்லிடறேன்" என்றார் அதிகாரி, கோடுகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அழ வச்சு அனுப்பினவளை ஃபோன்லயா கூப்பிடுவீங்க?" என்ற மேடம், என்னையும் இழுத்துக்கொண்டு முசிறி பஸ் ஏறினார்.

"நாளைக்கு டூட்டிக்கு வந்துடும்மா. உன் கை மேல தப்பு இல்லை" என்று அவர் சொன்னதும் செல்வி அழுதுவிட்டாள். அவள் அம்மா மோர் கொண்டுவந்தார். மேடம் அடுத்தவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். நான் பயந்துகொண்டே பார்த்தேன். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."