தக்வெல் வட்டத்தின் பொற்காலம்

ஆங்கில இலக்கியத்துக்கு இதுவரை இரண்டு பெரும் பாக்கியங்கள் வாய்த்திருக்கின்றன. ஒன்று, அச்சு இயந்திரம் வந்தது. மற்றது, லண்டன் செவன் கிங்ஸ் மணியம் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வாசிக்கத் தொடங்கியது.

கவுன்சிலின் பார்க்கிங் அபராதப் பிரிவில் இருந்த காலம் முழுவதும் மணியம் பிறருடைய கார்களைப் பற்றியே எழுதிவந்தார். ஓய்வுக்குப் பிறகு மனிதர்களைப் பற்றியும் எழுதவேண்டும் என்ற தாகம் பிறந்தது. அந்த நேரம் பார்த்து, இல்ஃபோர்ட் டாக்டர் கல்யாணசுந்தரம் அவர் கையில் சிட்னி தக்வெல்லின் புத்தகங்களைக் கொடுத்தார்.

தக்வெல் ஆங்கிலேயர், நகைச்சுவை நாடகாசிரியர். அவருடைய நாடகங்களில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து திரைச்சீலையைப் பற்றியும் பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பாள். சபை சிரித்துக்கொண்டே இருக்கும். அவள் பேச்சைக் கேட்க அந்த வீட்டில் ஒருவருமே இல்லை என்பது கடைசியில்தான் தெரியும். இவை போதாதென்று அவர் நாட்குறிப்புகளும் வெளியிட்டார். பஸ்ஸிலும் இறைச்சிக்கடையிலும் காதில் விழுந்ததெல்லாம் அவற்றில் இருந்தன.

மாதந்தோறும் மணியம் வீட்டில் கூடும் 'தக்வெல் வட்டம்' உதயமாயிற்று. தலைவர் மணியம். போஷகர் டாக்டர். உறுப்பினர்கள் வேறு யாரும் இல்லை. வட்டத்தின் தரத்துக்கு அதுவே சான்று. தக்வெல்லின் நகைச்சுவை மிக ஆழமானது என்பதால், படிக்கும்போது சிரிப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஓரிடத்தில் டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

"தமிழ்ல இப்படி ஒரு நாட்குறிப்பு இல்லையே சார்! நீங்கதான் எழுதணும்."

"என்னால ஏலுமோ, டொக்டர்?" என்று மணியம் அடக்கத்துடன் கேட்டார். அந்த அடக்கம் மறுநாள் காலைவரை நீடித்தது.

காலையில் பேனாவும் கையுமாக எலிசபெத் லைன் ரயிலில் ஏறினார். பெட்டி நிறைய ஆட்கள். எல்லோர் காதிலும் இயர்போன். மத்தியானம்வரை போய்வந்ததில் கிடைத்த ஒரே வசனம், "கதவுகள் மூடப்படுகின்றன." அதைச் சொன்னதும் ரயில்தான்.

சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தவரின் காதில் மனைவி அமராவதியின் குரல் விழுந்தது. குசினியில், அடுப்படியில் நின்று தங்கை மாலினியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி வீட்டில கண்ணாடியால ஒரு அறை கட்டியிருக்கினம், பிள்ளை. பூங்கண்டு வைக்கவாம். போய்ப் பாத்தன். உள்ளுக்கு உடுப்புத்தான் காயுது... ஓம், செத்தவீட்டுக்கும் போனனான். செத்தவர் நிம்மதியாத்தான் கிடந்தார். சுத்தி நிண்டவையைப் பாக்கத்தான் எனக்கு அழுகை வந்தது."

மணியம் கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை ஆண்டுகளாக அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டி அடக்கிவந்தது இரைச்சல் அல்ல, இலக்கியம்! அன்றிலிருந்து அந்தக் கதவே அவருடைய 'எழுத்தறை' ஆயிற்று. மனைவி சொல்வதை இவ்வளவு கவனமாகக் கேட்கும் கணவர் லண்டனில் இன்னொருவர் இருந்திருக்க முடியாது.

அடுத்த கூட்டத்தில், அங்கே குறித்துக்கொண்டதை வாசித்தார். டாக்டருக்கு இருமல் தாங்கவில்லை.

"பிரமாதம் சார்! உங்களுக்கு இதெல்லாம் எங்கேருந்து வருது?"

"கொஞ்சம் கவனிப்பு. மிச்சம் கற்பனை," என்றார் மணியம்.

வடைத் தட்டுடன் வாசலில் நின்ற அமராவதி உள்ளே வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

அன்றோடு போன் மாடிக்குப் போயிற்று, அறைக்கதவும் சாத்தப்பட்டது. கணவரிடம் தேவைக்கு மட்டுமே வாய் திறந்தாள்.

"சோறு மேசையில இருக்கு."

மணியம் மனம் தளராமல் அதையும் எழுதினார். சில நாளில் அது "சோறு இருக்கு" என்று சுருங்கியது. பிறகு வெறும் "இருக்கு."

அதை வாசிக்க, டாக்டர் கண்களை மூடிக்கொண்டு ரசித்தார். "என்ன ஒரு சிக்கனம்! பெரிய எழுத்தாளர்கள்லாம் கடைசிக் காலத்துல இங்கேதான் வந்து சேருவாங்க. ஒரே வார்த்தைல ஒரு குடும்பமே இருக்கு சார்!"

அந்தப் பாராட்டு மணியத்துக்கு இனிக்கவில்லை. டிவியை நிறுத்திவிட்டு இருந்து பார்த்தார். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மட்டும் முனகியது. மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மாலினி ஏதாவது சொல்லியிருப்பாள்; அல்லது அமராவதியே சொல்லியிருப்பாள். படியடியில் நின்று காதைக் கொடுத்தார். பேனாவை எடுக்கத் தோன்றவில்லை. தான் செத்துப்போன பிறகு இந்த வீடு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குசினி வாசலில் போய் நின்றார்.

"அமராவதி, என்னோட ஒருக்காக் கதையும். ஏதாவது சொல்லும். ஏசினாலும் பரவாயில்லை."

அவள் அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"கலியாணம் கட்டி வந்த நாள் தொடக்கம் நான் கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறன். நீங்கள் நியூஸ் பாத்தியள். கிரிக்கெட் பாத்தியள். ஒரு வெள்ளைக்காரன் புத்தகம் எழுதின பிறகுதான் என்ர குரல் உங்கட காதில விழுந்தது. அதுவும் டொக்டருக்கு வாசிக்கிறதுக்கு. அதிலயும் 'கற்பனை' எண்டியள். நான் உங்கட கற்பனையோ?" அவள் குரல் உடைந்தது. "இவ்வளவு காலமும் புருசனோட கதைக்கிறன் எண்டு நினைச்சன். சுவரோட கதைச்சிருக்கிறன். சுவர் எண்டாலும் ஆக்களைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டாது."

மணியத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. உண்மையாகவே நிறைந்தன, அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். இத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தார். கை மட்டும் தன்பாட்டில் சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குப் போயிற்று.

"அமராவதி," என்றார் தழுதழுத்த குரலில், "'வாசிச்சுக் காட்டாது' எண்டோ சொன்னனீர், 'படிச்சுக் காட்டாது' எண்டோ?"