குளியலறைக் கதவு தேடு படலம்

சங்கிலி பிடித்த கையினரும், வரப்புச் சண்டைகளை ஒற்றைக் கனைப்பில் அடக்கியவரும், முப்பத்தாறு ஆண்டுகள் பிறர் நிலத்தை அளந்து தம் இடுப்பை அளக்க மறந்தவருமாகிய ஓய்வுபெற்ற நில அளவையர், ஏழாம் மாடிப் புதுவீட்டு மாப்பிள்ளையின் மாமனார், நீடு வாழ்க. அன்னார் ஒரு குளியலறைக் கதவோடு பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். நாவே, துணை நில். சிரிப்பே, சற்றுத் தள்ளி நில்.

அவ்வீடு எத்தகையது எனின், பழுப்பென்றால் கோபித்துக்கொள்ளும், வெள்ளையென்றால் அழுதுவிடும் ஒரு நிறத்தது. கைப்பிடி என்பது கண்ணுக்குப் பகை என்று அருளிய, உள்ளலங்காரம் செய்யும் இன்டீரியர் அம்மையார், கூடத்துச் சுவர் முழுவதையும் ஒரே அச்சான இருபத்துநான்கு மரப்பலகைகளால் மூடி, அலமாரிகளையும் குளியலறையையும் அவற்றின் பின்னே ஒளித்துவைத்தார். அழுத்தினால் திறக்கும். எதை அழுத்துவது என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் தெரியும். அன்று பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருகிறார்களாம். படுக்கை விரிப்பு கசங்குமென்று மற்ற அறைகளையெல்லாம் அம்மையார் பூட்டி, சாவியோடு மாப்பிள்ளையின் மனைவியையும் அழைத்துக்கொண்டு பூச்சாடி வாங்கப் போய்விட்டார்.

மகளைப் பார்க்க வந்த மாமனார் இரண்டு குவளை எலுமிச்சைச் சாறு பருகினார். "வீட்டைச் சுத்திக் காட்டட்டுமா மாமா?" என்ற மாப்பிள்ளையிடம், "ஊரையே அளந்தவன் நான். எனக்கு வழி காட்ட இனிமேதான் ஒருத்தன் பொறக்கணும், மாப்பிள்ளை" என்று முழங்கினார். மாப்பிள்ளை மெல்ல நழுவினார்.

அரை நாழிகை சென்றது. மதகை முட்டும் மழைவெள்ளம்போல் அடிவயிற்றில் ஓர் ஆர்ப்பரிப்பு எழுந்தது. கேட்டால் மானம் போகும்; கேளாவிட்டால் அதைவிடப் பெரிய மானம் போகும். பல்லைக் கடித்துப் பலகைப் படையின் முன் நின்றார்.

முதற்பலகையை அழுத்தினார், செருப்புகள் அணிவகுத்து நின்றன. ஐந்தாவதை அழுத்தினார், இஸ்திரி மேசை யானைத் துதிக்கைபோல் நீண்டு வந்து நெற்றியைப் பதம் பார்த்தது. ஒன்பதாவதைத் தோளால் மோதினார்; அது உண்மையிலேயே சுவர். குறுக்கிய கால்களும் கூம்பிய முகமுமாய், கூத்தாடுவோரும் நாணும் அடவுகளோடு, பலகைதோறும் காதை வைத்துக் கேட்டு, குடங்குடமாய் வியர்த்து முன்னேறிய அம்மாவீரர் பதினேழாவதைக் குத்தினார். திறந்தது. உள்ளே, துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவே மாப்பிள்ளை நின்றார்.

"இங்க என்ன பண்றீங்க மாப்பிள்ளை?"

"நீங்க தேடுறதைத்தான் மாமா நானும் தேடுறேன். உள்ள வந்தேன், பின்னாடி சாத்திக்கிச்சு."

"உங்க வீடுதானே இது?"

"அடையாளத்துக்கு ஒரு கால்மிதி போட்டு வச்சிருந்தேன். படத்துக்கு நல்லா இருக்காதுன்னு அந்தம்மா எடுத்துட்டாங்க."

"போன் பண்ணிக் கேளுங்க."

"உங்க பொண்ணுகிட்டயா? ஒரு மாசமா இருக்கிற வீட்டுல பாத்ரூம் தெரியலைன்னு ஊருக்கே சொல்லிடுவா மாமா."

பெற்று வளர்த்தவர் அல்லவா, ஆமென்று தலையசைத்தார். மாமன் மருமகன் என்னும் மரபுவழி முறைப்பை மறந்து, முழங்காலோடு முழங்கால் ஒட்டி, மூச்சடக்கி, பளிங்குத் தரையில் அன்னநடை பயின்ற இருபெரு வேந்தரும் எஞ்சிய பலகைகளை எண்ணினர். எஞ்சிய நேரத்தையும் எண்ணினர். பின்னதே குறைவாக இருந்தது. வாசற்கதவை நோக்கினர். அதற்குக் கைப்பிடி இருந்தது.

இரண்டு பேரும் எதிர்வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்து பாத்ரூம் போய்விட்டுப் போனார்கள்.